பருவத் தும்மல், கண் அரிப்பு: பார்த்தீனியம், சீமைக்கருவேல் மகரந்த ஒவ்வாமை – அறிகுறியும் நிவாரணமும்

கரிசல்மண்
மழை விட்டு மூன்று நான்கு வாரம் ஆனதும் ஓசூர், பெங்களூரு, கோவைப் பக்கம் ஒரே புகார்தான். காலையில் எழுந்தவுடன் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு. சளி பிடித்துவிட்டது என்று மெடிக்கலில் ஏதோ மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள், பத்து நாள் கழித்தும் அப்படியேதான் இருக்கிறது. மகரந்த ஒவ்வாமையை எப்படி அடையாளம் காண்பது, எந்த மருந்து எந்த அளவில், எங்கே தவறுகிறது? தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

செவிமூக்கு
முதலில் சளியா, ஒவ்வாமையா என்று பிரிக்க வேண்டும். வைரஸ் சளியில் தொண்டை வலி, உடம்பு வலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். மூக்குச்சளி இரண்டு மூன்று நாளில் கெட்டியாகும், ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். மகரந்த ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. மூக்கிலிருந்து வருவது கடைசிவரை தெளிந்த தண்ணீராகவே இருக்கும். வாரக்கணக்கில் நீளும். ஊர் மாறினால் குறையும், திரும்பி வந்தால் மறுபடி தொடங்கும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் அரிப்பு. மூக்கின் உள்ளே, கண்ணின் உள்மூலையில், காதுக்குள், மேல் அண்ணத்தில் அரிக்கும். நாக்கை அண்ணத்தில் வைத்துத் தேய்த்து 'க்ளக் க்ளக்' என்று ஒலி எழுப்புகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான். சாதாரணச் சளியில் அண்ணம் அரிக்காது.

நோய் இரண்டு அலையாக வரும். மகரந்தம் பட்ட சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உடலில் வெளிப்பட்டுத் தும்மல், அரிப்பு, ஒழுகல். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலையில் மூக்கின் உள்சதை வீங்கி அடைப்பு. காலையில் வயலோரம் நடந்துவிட்டு வந்தவருக்குச் சாயங்காலம் மூக்கடைப்பதற்குக் காரணம் இதுதான். பலர் அந்த நேரத்தில் குடித்த மோரையும் சாப்பிட்ட வாழைப்பழத்தையும் குற்றம் சொல்கிறார்கள்.

களைக்கொத்து
எந்தச் செடி என்று தெரியாமல் தப்பிக்க முடியாது. செம்பருத்தி, ரோஜா, அரளி மாதிரிப் பளிச்சென்ற பூக்களின் மகரந்தம் கனமானது, பிசுக்கானது. வண்டும் தேனீயும் தூக்கிப் போக வேண்டும், காற்றில் அவ்வளவாகப் பறக்காது. நம் மூக்குக்கு எதிரி கண்ணில் படாத பூக்கள்தான்: புல் வகைகள், சவுக்கு, ஆமணக்கு, முள்ளுக்கீரை இனக் களைகள், பார்த்தீனியம். சீமைக்கருவேலுக்குத் தேனீயும் வரும், அதன் மகரந்தம் காற்றிலும் கலக்கும்.

பார்த்தீனியத்தை இப்படித் தெரிந்துகொள்ளலாம்: காரட் தழை மாதிரி வெட்டுப்பட்ட இலை, வரி வரியாகக் கோடு ஓடும் தண்டு, உச்சியில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஒரு பூவை நகத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஓரத்தில் ஐந்து சின்ன மூக்கு நீட்டியிருக்கும். முளைத்த ஒரு மாதத்திலேயே பூத்துவிடும். மழைக்கும் தும்மலுக்கும் இடையில் மூன்று நான்கு வாரம் இருப்பது இதனால்தான்.

1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்ட களை இது. ரயில் பாதை, காலி மனை, சாலை ஓரம் என்று நாடு முழுக்கப் பரவிவிட்டது.

மருந்துப்பெட்டி
மாத்திரை விஷயம். கீழே உள்ளவை பெரியவர்களுக்கான வழக்கமான அளவு.

செட்டிரிசின் 10 மி.கி அல்லது லீவோசெட்டிரிசின் 5 மி.கி, இரவில் ஒன்று. சிலருக்குத் தூக்கம் வரும். லோராட்டடின் 10 மி.கி, தூக்கம் குறைவு. பெக்ஸோபெனடின் 120 மி.கி, வண்டி ஓட்டுபவர்களுக்கு நல்லது, ஆனால் அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள், பம்ப்ளிமாஸ் சாறோடு போட்டால் உடலில் ஏறும் அளவு நன்றாகக் குறைந்துவிடும். அலுமினியம், மெக்னீசியம் சேர்ந்த அசிடிட்டி மருந்தையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. பிலாஸ்டின் 20 மி.கி வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் பின்னால். 'மாத்திரை கேட்கவில்லை' என்று சொல்கிறவர்களில் பலர் இந்த நேரத்தையும் சாற்றையும் கவனிக்காதவர்கள்.

கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சளி மாத்திரைகளில் இருப்பது பழைய குளோர்பெனிரமின். அது மூளைக்குள் போய் மயக்கம் தரும். அறுபது வயது தாண்டியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு, குழப்பம், ஒரு வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அதோடு சேர்த்திருக்கும் பினைலெப்ரின் வாய்வழி போட்டால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று அமெரிக்க மருந்து ஆணையத்தின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது.

லீவோசெட்டிரிசினோடு மான்டிலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி வாங்குகிறார்கள். மான்டிலுகாஸ்டால் கெட்ட கனவு, மனச்சோர்வு, எரிச்சல், தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று 2020 மார்ச்சில் அதே ஆணையம் மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்தால் மருத்துவர் எழுதுவார். வெறும் தும்மலுக்கு நீங்களாகப் போடாதீர்கள். போடும் குழந்தையின் தூக்கமோ குணமோ மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கரிசல்மண்
மாத்திரை போட்டால் தும்மல் நிற்கிறது, அடைப்பு மட்டும் போகவில்லை என்கிறார்களே?

செவிமூக்கு
மாத்திரை ஹிஸ்டமினை மட்டும்தான் மறிக்கும். அடைப்பு என்பது வீக்கம். அதற்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் சரியான மருந்து: புளூட்டிகசோன் புரோப்பியோனேட் அல்லது மோமெட்டசோன், ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கு ஒவ்வொரு நாசியிலும் இரண்டு அடி, நாளைக்கு ஒரு முறை. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உண்மையில் பயப்பட வேண்டியது தும்மலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும், பெட்டாமெத்தசோன் மாத்திரைக்கும். இரண்டு நாளில் அற்புதமாகக் கேட்கும். அடிக்கடி போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு படுத்துவிடும்.

ஸ்பிரேயில் தோற்பவர்கள் இரண்டு இடத்தில் தோற்கிறார்கள். ஒன்று, தலைவலித் தைலம் மாதிரி தேவைப்படும்போது மட்டும் அடிப்பது. இது அரை நாள் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும். உங்கள் ஊரில் வழக்கமாகத் தும்மல் தொடங்கும் மாதம் தெரிந்தால், இரண்டு வாரம் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். இரண்டு, அடிக்கும் முறை.

முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். மூக்கை மெதுவாகச் சீந்திச் சுத்தம் செய்யுங்கள். புட்டியைக் குலுக்குங்கள். புதிய புட்டி என்றாலும், ஒரு வாரம் பயன்படுத்தாமல் இருந்தாலும், சொட்டாக இல்லாமல் பனி மாதிரிப் படரும்வரை காற்றில் அடித்துவிடுங்கள். தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது, லேசாக முன்னால் குனியுங்கள். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. நுனி மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் அதே பக்கத்துக் காதைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். கையை மாற்றிப் பிடிப்பதே இந்தச் சாய்வு தானாக வருவதற்குத்தான். அடித்துக்கொண்டே மெல்ல மூச்சை இழுங்கள், உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசந்தால் உறிஞ்சிவிட்டீர்கள் என்று பொருள். மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது.

மூக்கில் ரத்தம் கசிந்தால் நடுத்தண்டில் அடித்திருக்கிறீர்கள். இரண்டு நாள் நிறுத்தி, கோணத்தைத் திருத்தித் தொடங்குங்கள். மறுபடி கசிந்தால் காட்டுங்கள்.

மருந்துப்பெட்டி
இதோடு ஒன்று. 120 அடி உள்ள புட்டியில் நாளைக்கு நான்கு அடி என்றால் சரியாக 30 நாள். அதற்குப் பிறகும் திரவம் வரும், ஆனால் அளவு சீராக இருக்காது. ஆரம்பித்த தேதியைப் புட்டியிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

நீலமலைக்காற்று
சைலோமெட்டாசோலின் சொட்டு போட்டால் ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்?

செவிமூக்கு
அந்த ஐந்து நிமிடம்தான் பொறி. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் இரண்டும் ரத்தக் குழாயைச் சுருக்கும். மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்து வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். தலையணைக்கு அடியில் சொட்டுப் புட்டி இல்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வருபவர்கள் இப்படி வந்தவர்கள்தான். அவர்களுக்கு வழி: ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தினமும் தொடங்கி, சொட்டை முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துவது. ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் தானாகத் திறக்கும், பிறகு அடுத்த நாசி. சிரமமான வாரம்தான், ஆனால் முடியும்.

இமைக்காவல்
கண்ணுக்கு: தேய்க்காதீர்கள். தேய்ப்பது சுகமாக இருக்கும், ஆனால் அந்த அழுத்தமே ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களிலிருந்து இன்னும் அதை வெளியே தள்ளும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து ஐந்து பத்து நிமிடம் மூடிய இமை மேல் வையுங்கள். பாதுகாப்புப் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர் சொட்டு மகரந்தத்தைக் கழுவிவிடும், பிரிட்ஜில் வைத்து விட்டால் இன்னும் இதம். அடங்காவிட்டால் ஓலோபட்டடின் 0.1 சதவீதம் நாளைக்கு இரண்டு முறை, 0.2 சதவீதம் என்றால் ஒரு முறை. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து விடுங்கள், திரும்பப் போடுவதற்குள் பதினைந்து நிமிடம் இடைவெளி வேண்டும். பருவம் முடியும்வரை கண்ணாடிக்கு மாறுவதே மேல்.

'கண் சிவப்பு போகும்' என்று கடையில் தரும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பெட்டாமெத்தசோன் என்று இருந்தால் கண் மருத்துவர் எழுதாமல் தொடாதீர்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், வலி தெரியாது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பையன்கள் வெயில் காலத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்து, நூல் மாதிரி இழுபடும் வெள்ளைப் பீளை வந்தால் அது வேறு கடுமையான வகை. தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போகவும்.

நீலமலைக்காற்று
மூக்கைக் கழுவுவது பற்றி? ஒரு நாசியில் உப்புநீர் ஊற்றிக் கழுவும் நேத்திக் குடுவை பலர் வீட்டில் இருக்கிறது.

தாய்மடி
நல்ல முறை, அளவு சரியாக இருந்தால். 240 மி.லி தண்ணீருக்கு 2 கிராம் உப்பு, அதாவது தட்டையாக வழித்த கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதல். அயோடின் சேர்க்காத தூள் உப்பு சிறந்தது, அயோடின் சிலருக்கு எரியும். கல்லுப்பில் மண்ணும் தூசியும் இருக்கும், வேண்டாம். ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்த்தால் எரிச்சல் இன்னும் குறையும். பேக்கிங் பவுடர் இல்லை, ஆப்பச் சோடா.

தண்ணீர்தான் உயிர் விஷயம். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறவைத்தது மட்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். கேரளத்தில் 2024லும் 2025லும் பேசப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சலில், நெக்ளேரியா என்ற கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் மூக்கில் ஏறினால் கொல்லலாம்.

தொட்டி மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் நாசியில் ஊற்றினால் கீழ் நாசி வழியாக வரும். எரிந்தால் உப்பு குறைவு அல்லது கூடுதல். முடிந்த உடனே பலமாகச் சீந்தாதீர்கள், தண்ணீர் காதுக்குப் போய் அடைக்கும். குனிந்தபடியே தலையை இரு பக்கமும் திருப்பி வடிய விடுங்கள். கால் மணி நேரம் கழித்து ஸ்பிரே. வரிசையை மாற்றினால் போட்ட மருந்தையே கழுவிவிடுவீர்கள்.

தோல்நோக்கி
பார்த்தீனியம் பற்றிப் பேசும்போது ஒன்றைப் பிரிக்காமல் விட்டால் பாதி நோயாளிகள் வழி தவறிவிடுவார்கள். அந்தச் செடி இரண்டு விதமாகத் தாக்கும்.

ஒன்று மூக்கிலும் கண்ணிலும், ஐ.ஜி.ஈ என்ற ஒவ்வாமை எதிர்ப்புப் புரதம் வழியாக, நிமிடங்களில். இரண்டாவது தோலில். செடியின் பார்த்தெனின் என்ற பொருள் பட்டு, ஒன்று இரண்டு நாள் கழித்து வரும் தோல் அழற்சி. காய்ந்த செடியின் தூளும் ரோமமும் காற்றில் வந்து படிவதால் தொடாதவர்களுக்கும் வரும். மேல் இமை, கழுத்துச் சுற்று, காதின் பின்புறம், முழங்கை மடிப்பு ஆகியவை சிவந்து, தடித்து, நாளடைவில் யானைத் தோல் மாதிரி வரிவரியாகும். வயலில் வேலை செய்யும் நடுவயது ஆண்களிடம் அதிகம்.

இரண்டாவது வகைக்குச் செட்டிரிசின் பெரிதாக உதவாது. அது ஹிஸ்டமின் வேலையே இல்லை. தோல் மருத்துவர் தரும் களிம்பும், செடியை விட்டு விலகுவதும்தான் வழி. சோதனையும் வேறு: மூக்குக்கு, மகரந்தச் சாற்றைத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் குத்துச் சோதனை, தோலுக்கு முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைக்கும் பட்டைச் சோதனை. முகத்தில் கடையில் வாங்கிய வெண்மைக் களிம்பு பூசுவது மிகப் பெரிய கேடு. பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும்.

களைக்கொத்து
அப்படியானால் பிடுங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளை வெறுங்கையோடு வரிசையில் நிறுத்திப் பார்த்தீனியம் பிடுங்க வைக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அலர்ஜி இல்லாத பிள்ளைக்கும் மறுபடி மறுபடி பட்டால் பிடித்துக்கொள்ளும்.

பூக்கும் முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்குங்கள். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சிக் கையிலேயே வைத்திருக்கும், போடாததற்குச் சமம். பூத்த செடியைப் பிடுங்கினால் விதை கொட்டும். ஒரு செடியிலேயே 15,000க்கு மேல் விதை இருக்கும். எரிக்காதீர்கள், தூள் கிளம்பும். பூக்காத செடியைக் குழியில் மக்க விடலாம். பயிர் இல்லாத வேலி ஓரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் நேரத்தில் இலை நனையத் தெளித்தால் கருகும். விளைநிலத்தில் வேண்டாம், மண் உவர்ப்பாகும். 1984இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு மழைக்காலத்தில் இலையைத் தின்கிறது. கோடுபோட்ட சின்ன வண்டுகளை இந்தச் செடியில் கண்டால் மருந்தடித்துக் கொல்லாதீர்கள்.

தாய்மடி
வீட்டில் செய்யக்கூடியவை. மகரந்தம் 10 மைக்ரானுக்கு மேல் பெரிய தூள், சாதாரண அறுவை முகக்கவசமே பெரும்பகுதியை நிறுத்தும். பைக்கில் முழுமுக ஹெல்மெட், கண்ணாடியை இறக்கி. காரில் உள்காற்றுச் சுழற்சி. வெளியில் போய் வந்தவுடன் உடை மாற்றி முகம் கழுவுங்கள், இரவு தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள். பகலில் கூந்தலில் ஏறியது இரவில் தலையணைக்கு இறங்கும். பருவத்தில் துவைத்த துணியையும் தலையணை உறையையும் மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள்.

ஆவி பிடிப்பது கொஞ்ச நேர இதம், ஒவ்வாமையைக் குறைக்காது. குழந்தைகள் மேல் கொதிநீர் கவிழும் விபத்து அதிகம், அவர்களுக்கு வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றும் வீங்கிய மூக்கை இன்னும் உறுத்தும். உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் பழகிவிடும் என்பது சரியில்லை. தேனீ சேர்ப்பது பெரும்பாலும் பளிச்சென்ற பூவின் மகரந்தம், நம்மைத் தும்ம வைப்பது காற்றில் வருவது.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்து கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அட்டையிலேயே அச்சிடச் சொன்னது. பழைய புட்டி வீட்டில் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

டொரொன்டோ_பனி
வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தொடர்பு. வட அமெரிக்காவில் ஆகஸ்ட் நடுவிலிருந்து முதல் உறைபனிவரை ராக்வீட் களையின் மகரந்தம் பறக்கும். அதுவும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம், புரதங்களும் ஒத்துப்போகின்றன. பெங்களூரில் பார்த்தீனியத்துக்குத் தும்மியவர்கள் இங்கே வந்த முதல் ஆகஸ்டிலேயே தும்மலாம். மருத்துவரிடம் அந்தப் பழைய வரலாற்றைச் சொல்லுங்கள். தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரி, வாழைப்பழம் சாப்பிட்டதும் வாய் அரித்தால் அதுவும் ராக்வீட் ஒவ்வாமையோடு வரக்கூடியதே.

கரிசல்மண்
ரத்தச் சோதனை, ஊசிச் சிகிச்சை பற்றி யாராவது எழுதுங்கள்.

செவிமூக்கு
மொத்த ஐ.ஜி.ஈ. எண் கூடியிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வயிற்றில் புழு இருந்தாலும் கூடும். நூறு உணவுகள் கொண்ட பட்டியலுக்குப் பணம் கட்டுவது வீண். குத்துச் சோதனையில் 15–20 நிமிடத்தில் எழும் தடிப்பு, வெறும் திரவத்தின் தடிப்பைவிட 3 மி.மீ. கூடுதலாக இருந்தால் அந்த மகரந்தத்துக்கு எதிர்வினை இருக்கிறது. அதுவும் அறிகுறி வரும் மாதத்தோடு பொருந்தினால்தான் அர்த்தம். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே 'இல்லை' என்று வரும். வருடம் முழுக்க, அதுவும் படுக்கையில் அதிகம் தும்மினால் மகரந்தத்தைத் தேடாதீர்கள். வீட்டுத் தூசிப் பூச்சியாக இருக்கும்.

ஊசிச் சிகிச்சை 1911இல் லண்டனில் லெனர்ட் நூன் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கியது. இன்றும் அடிப்படை அதேதான்: சிறிது சிறிதாக அளவைக் கூட்டி உடலைப் பழக்குவது. மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும், கடும் எதிர்வினை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். அந்த எதிர்வினையை அடக்கும் அட்ரினலின் மருந்து கையில் இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது கூடாது.

ஆஸ்துமாவைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம் இருந்தால் மூக்கு நோய் மார்புக்கு இறங்கியிருக்கிறது. மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று இடியோடு புயல் வந்தபோது புல் மகரந்தம் உடைந்து நுண்தூளாகி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அதுவரை தும்மல் மட்டுமே இருந்தவர்கள் அவர்களில் பலர். பேச முடியாத மூச்சிரைப்பு, உதடு நீலம் என்றால் உடனே 108.

நீலமலைக்காற்று
கடைசியாக ஒன்று: மூக்கு சரியானதும் ஸ்பிரேயை நிறுத்திவிடலாமா?

செவிமூக்கு
பருவம் நடுவில் வேண்டாம். பல நாள் மகரந்தம் பட்ட மூக்கு பிறகு மிகக் குறைந்த அளவுக்கே கிளம்பும். முதல் நாள் நூறு துகள் தேவைப்பட்ட இடத்தில் பத்தே போதும். நன்றாக இருந்தால் நாசிக்கு ஒரு அடியாகக் குறைத்து, வேலி ஓரத்துக் களை காய்ந்து பூ உதிரும்வரை தொடருங்கள், பிறகு நிறுத்துங்கள். கர்ப்பிணிகள் புடெசோனைடு ஸ்பிரே பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அதற்குத்தான் அனுபவம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ நாற்றமோ வந்தால் இந்த இழையில் உள்ள எதையும் முயலாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வாமை ஒரு பக்கமாக மட்டும் வருவதில்லை.